கார் நிற்கும் இடமும் மழை இறங்கும் இடமும்: சென்னை மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், துணை மேயர், மாமன்ற உறுப்பினர்கள், மாநகராட்சி ஆணையர், குடிநீர் வாரிய அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

குடியிருப்புத் தெருக்களில் அங்கேயே வசிப்பவர்களின் வண்டிகளை நிறுத்த பர்மிட் கொடுத்து, வெளி வண்டிகளைக் கட்டுப்படுத்தலாமா என்பது ஒரு கேள்வி. இன்னும் முப்பது ஆண்டுக்கு இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது இன்னொரு கேள்வி. முதலாவது போக்குவரத்துக் கோப்பிலும் இரண்டாவது குடிநீர்க் கோப்பிலும் தனித்தனியாக நகர்கின்றன. இரண்டு கோப்பையும் ஒரே மேசையில் விரித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் வேண்டும். அது 12.5 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியானால் ஒரு கார் நிற்கும் இடத்தின் மேல் மட்டும் ஆண்டுக்கு 17,500 லிட்டர் விழுகிறது. 9,000 லிட்டர் லாரி இரண்டு வந்து ஊற்றுவதற்குக் கிட்டத்தட்ட சமம். அந்த இடம் மண்ணாக இருந்தால் அதில் ஒரு பங்கு கீழே இறங்கும். சிமெண்ட் பூசியிருந்தால் மொத்தமும் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடி, அங்கே முழங்கால் அளவு நின்று, பிறகு கடலுக்குப் போய்ச் சேரும்.

தெருவில் வண்டி நிறுத்தக் காசு என்று அறிவித்த மறுவாரம் மக்கள் என்ன செய்வார்கள்? வீட்டு முன்பக்கத்தில் மிச்சமிருக்கும் மண்ணைக் கான்கிரீட் போட்டு மூடிக் காரை உள்ளே விடுவார்கள். செடி இருந்த இடம் போகும். பழைய வீடுகளில் முன்வாசல் ஓரமாக இருக்கும் கிணற்றின் மேல் ஒரு ஸ்லாப் விழும். சென்னையின் பழைய பகுதிகளில் எத்தனை கிணறுகள் இப்படிப் போர்ட்டிகோவுக்கு அடியில் மூடிக் கிடக்கின்றன என்பது வீடு இடிக்கும்போதுதான் தெரிகிறது. வண்டி நிறுத்தத்தை ஒழுங்கு செய்யும் திட்டம் தண்ணீர் விஷயத்தை யோசிக்காமல் போனால், தெரு அகலமாகும், நிலத்தடி நீர் வற்றும். இந்த ஒரு பயம்தான் எங்களை எழுத வைக்கிறது. பர்மிட் முறை கூடாது என்பது எங்கள் வாதம் இல்லை. அது வேண்டும், சரியான நிபந்தனைகளோடு வேண்டும்.

முதலில் தண்ணீர்க் கணக்கை வைத்துவிடுகிறோம். ஊருக்குக் குடிநீர் தரும் ஐந்து ஏரிகளின் கொள்ளளவு, மில்லியன் கன அடியில்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. ஐந்தும் நிரம்பி நின்றால் 11,757 மில்லியன் கன அடி, அதாவது பதினொன்றே முக்கால் டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). லிட்டரில் சொன்னால் சுமார் 33,000 கோடி. நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் வீதம் எடுத்தால் 330 நாள் வரும். வெயிலில் ஆவியாகிப் போவதையும் அடியில் படிந்த வண்டலையும் கழித்தால் அந்த 330 நாளும் கிடையாது. ஏரிகள் விளிம்பு வரை நிரம்பினாலும் அடுத்த வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் இந்த ஊர் இருக்கிறது. ஒரு பருவம் பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2019இல் பார்த்தோம். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாளைக்கு 100 கோடி லிட்டர் குடிக்கும் ஊருக்கு அது எத்தனை நிமிடத்துக்குப் போதும் என்று வகுத்துப் பாருங்கள். நான்கு நிமிடம்கூடத் தாங்காது.

வெளியிலிருந்து வருவதும் உறுதியில்லை. 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வரவேண்டும். எவ்வளவு வரும் என்பது ஆந்திர அணைகளின் நிலையைப் பொறுத்தது. 2004இல் தொடங்கிய புதிய வீராணம் திட்டம் காவிரியைச் சார்ந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரில் 2010 முதல் 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 2013 முதல் 10 கோடி, அங்கேயே 2024இல் திறந்த இரண்டாவது ஆலையில் 15 கோடி லிட்டர் என்ற அளவில் கட்டப்பட்டுள்ளன. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கான பணி எடுக்கப்பட்டிருக்கிறது. இவை தேவை, மறுக்கவில்லை. மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது. ஆனால் கடல்நீரில் ஆயிரம் லிட்டரை நன்னீராக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். பிரிந்த உப்புக் கரைசல் மீண்டும் மீனவர்களின் கடலுக்கே போகிறது. சிறுகச் சிறுகக் கட்ட முடியாது, பெரிய கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும்.

இந்த ஊரின் தலைமேல் விழுவது எவ்வளவு என்று பாருங்கள். 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். 1,400 மில்லிமீட்டரால் பெருக்கினால் 21 டி.எம்.சி. ஐந்து ஏரிகளின் மொத்தக் கொள்ளளவைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. அத்தனையையும் பிடிக்க முடியாது. ஒரே நாளில் 20 சென்டிமீட்டர் கொட்டினால் எந்த மண்ணும் அதை அப்படியே குடிக்காது. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனாலே நான்கு டி.எம்.சி.க்கு மேல். செம்பரம்பாக்கத்தைவிடப் பெரிய ஏரி ஒன்று நம் காலடியிலேயே இருக்கிறது. அதற்கு நிலம் எடுக்க வேண்டாம், கரை கட்ட வேண்டாம், அதன் வாயை அடைக்காமல் விட்டால் போதும்.

அந்த வாய் எங்கெல்லாம் இருக்கிறது? வீட்டைச் சுற்றிக் கட்டடம் கட்டாமல் விடும் செட்பேக்கிலும், தெருவோர மண் பட்டையிலும், பூங்காக்களிலும், கோயில் குளங்களிலும். முதல் இரண்டு இடத்தையும்தான் கார் கேட்கிறது.

இனி பர்மிட் முறையின் நுணுக்கங்களுக்கு வருகிறோம். ஆவணத்தில் இருக்கும் தெரு அகலத்தை நம்பி முடிவெடுத்தால் முதல் நாளே தவறு நேரும். முப்பதடி ரோடு என்று பதிவில் இருக்கும். நடைபாதை, வடிகால், மின்வாரியப் பில்லர் பாக்ஸ், மரம், படிக்கட்டு எல்லாம் போக வண்டி ஓடும் அகலம் 6 மீட்டர் தேறினால் பெரிது. எனவே 20 மீட்டருக்கு ஒரு முறை டேப் பிடித்து, தடையில்லாத அகலத்தை அளந்து குறிக்க வேண்டும். தெருவில் மிகக் குறுகிய இடம் எதுவோ அதுதான் அந்தத் தெருவின் அகலம்.

தண்ணீர் லாரிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் உடல் அகலமே இரண்டரை மீட்டரை ஒட்டி வரும். திரும்பவும், ஆள் இறங்கிக் குழாய் மாட்டவும் சேர்த்து 3.5 மீட்டர் வழி விட்டே ஆக வேண்டும். ஒரு கார் ஓரமாக நின்றால் கண்ணாடியும் இடைவெளியும் சேர்த்து 2 மீட்டர் பிடிக்கும். இருபதடித் தெரு 6.1 மீட்டர். இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் 2.1 மீட்டர்தான் மிச்சம். லாரி உள்ளே வராது. தண்ணீர் புக் செய்தவர் தெருமுனையிலிருந்து குழாய் இழுக்க வேண்டும், அல்லது லாரி திரும்பிப் போகும். ஆகவே 5.5 மீட்டருக்குக் குறைவான தெருவில் கார் நிறுத்தமே கூடாது, 5.5 முதல் 7.5 வரை ஒரு பக்கம் மட்டும், 7.5 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் இரு பக்கமும். இந்த அளவுகளில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு பக்க நிறுத்தம் என்றால் எந்தப் பக்கம் என்பதையும் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். குடிநீர் வால்வும் மழைநீர் வடிகால் வாய்களும் எந்தப் பக்கம் இல்லையோ அந்தப் பக்கம்.

எத்தனை பர்மிட் கொடுக்கலாம்? நூறு மீட்டர் தெருவில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் திருப்பத்துக்கு 6 மீட்டர் வீதம் 12 போயிற்று. எட்டு மனைகள், எட்டு கேட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 4 மீட்டர் என்றால் 32. மரம், பில்லர் பாக்ஸ், குப்பைத் தொட்டி, வால்வு, வடிகால் வாய் ஆகியவற்றுக்கு 12. மிச்சம் 44 மீட்டர். அதுவும் ஒரே நீளமாக இருக்காது, ஐந்தும் ஆறுமாகத் துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒரு கார் தெருவோடு ஒட்டி நிற்கவும் வெளியே எடுக்கவும் 6 மீட்டர் வேண்டும். ஆக, ஆறு அல்லது ஏழு கார். இரு பக்கமும் அடுக்குமாடிகள் வந்துவிட்ட அப்படிப்பட்ட தெருவில் 60 குடும்பங்கள் சாதாரணமாக இருக்கும். ஏழு இடத்துக்கு 60 பர்மிட் விற்றால் மாநகராட்சிக்கு வருமானம் வரும், காசு கட்டியவர்களுக்குச் சண்டைதான் மிஞ்சும். கடைத்தெருவில் ஓர் இடத்தை நாளைக்கு நாலைந்து பேர் மாறி மாறிப் பயன்படுத்துவார்கள். குடியிருப்பில் இரவு இரண்டு மணிக்கு எல்லா வண்டியும் வீட்டில்தான் நிற்கும். அதனால் இடத்தின் எண்ணிக்கையைத் தாண்டி ஒரு பர்மிட்கூடக் கொடுக்கக் கூடாது. வண்டிகளை எண்ணுவதும் அந்த இரவு நேரத்தில் ஒரு முறை, வேலைநாள் காலை 11 மணிக்கு ஒரு முறை, சனிக்கிழமை மாலை ஒரு முறை என்று மூன்று தடவை நடக்க வேண்டும். இரவில் நிறைந்து பகலில் காலியாகும் தெருவின் நோயும், பகலில் நிறைந்து இரவில் காலியாகும் மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவின் நோயும் வேறு வேறு. முன்னதற்கு பர்மிட் மருந்தாகாது. அங்கே வசிப்பவர்களிடமே இடத்துக்கு மேல் வண்டி இருக்கிறது. பின்னதற்குத்தான் அது பொருந்தும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் அநியாயம் நுழையும். மாற்றுத்திறனாளிகள் முதலில். அடுத்து, உள்ளே வண்டி விட வழியே இல்லாத பழைய ஒட்டு வீடுகளிலும் அரை கிரவுண்டுக்கு, அதாவது 1,200 சதுர அடிக்குக் குறைந்த மனைகளிலும் இருப்பவர்கள். திட்ட அனுமதி வரைபடத்தில் ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தம்) என்று காட்டிவிட்டு அதைக் கடையாகவும் குடோனாகவும் அறையாகவும் மாற்றிய கட்டடத்துக்கு ஒன்றுகூடக் கூடாது. அந்த வரைபடம் அரசு அலுவலகங்களிலேயே இருக்கிறது, சொத்துவரி எண்ணோடு இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாடகைக்கு இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். பல அடுக்குமாடிகளில் பார்க்கிங் உரிமையாளருக்கு மட்டும்தான் என்று சொல்லி வாடகைக்காரரின் வண்டியைத் தெருவுக்குத் தள்ளுகிறார்கள். அவர்களுடைய ஆர்.சி. புத்தகத்தில் மதுரை முகவரியோ திருநெல்வேலி முகவரியோ இருக்கும். ஆர்.சி. முகவரியைக் கேட்டால் அவர்களில் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள். வாடகை ஒப்பந்தமும் கேஸ் இணைப்பு ரசீதும் போதும் என்று வையுங்கள். குடும்பத்துக்கு ஒரு பர்மிட். இரண்டாவது காருக்குப் பல மடங்கு கட்டணம், அதுவும் இடம் மீந்தால் மட்டும். மூன்றாவதுக்கு இல்லவே இல்லை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல், ஆண்டுக்கொரு முறை.

கார் வைத்திருப்பவர்கள் குரல் பெரிதாகக் கேட்கும், ஆனால் இந்த ஊரில் பெரும்பாலானோர் ஓட்டுவது டூவீலர். ஒரு கார் இடத்தில் ஐந்தாறு டூவீலர் நிற்கும். வீட்டு வேலைக்கு வருபவர், முதியவரைப் பார்த்துக்கொள்ள வருபவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாரும் வருவது அதில்தான். டூவீலருக்குக் கட்டணம் வேண்டாம். தெருவுக்கு ஒன்றிரண்டு கார் இடங்களை அவர்களுக்கென்றே கோடு போட்டு விடுங்கள். இஸ்திரி வண்டிக்காரரும் காய்கறித் தள்ளுவண்டியும் நிற்கும் இடத்தை வரைபடத்தில் முதலிலேயே குறித்துவிட வேண்டும். 2014ஆம் ஆண்டு தெருவோர வணிகர் சட்டம் அவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பை ஒரு பார்க்கிங் கோடு அழித்துவிடக் கூடாது. மயிலாப்பூர் மாட வீதிகள் போன்ற இடங்களில் பங்குனித் தேர், அறுபத்துமூவர் நாட்களில் பர்மிட் செல்லாது என்பதை விதியிலேயே எழுதிவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் தனி அறிவிப்பு தேவைப்படாது.

கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். இரண்டாவது வாரமே கலர் ஜெராக்ஸ் வந்துவிடும். பர்மிட் என்பது வண்டி எண்ணோடு பதிவாக வேண்டும். கள ஊழியர் கைக்கருவியில் எண்ணைத் தட்டினால் இந்தத் தெருவுக்கு உரியதா என்று தெரிய வேண்டும். வண்டியைப் பூட்டுவதும் இழுத்துச் செல்வதும் போக்குவரத்துக் காவல்துறையின் கையில் இருப்பதால், அவர்களோடு எழுத்து மூலமான ஏற்பாடு இல்லாமல் தொடங்கினால் பலகைகள் மட்டும்தான் நிற்கும்.

இனி நாங்கள் மிகவும் வலியுறுத்துவது. பர்மிட்டைப் புதுப்பிக்கும் மாதம் ஏப்ரலாக வேண்டாம், செப்டம்பராக இருக்கட்டும். அக்டோபரில் மழை தொடங்கும். 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. கட்டமைப்பு பெரும்பாலான வீடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. பர்மிட் கேட்கும் கட்டடத்துக்கு செப்டம்பரில் ஓர் ஆய்வு நடக்கட்டும். அதில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை.

மொட்டைமாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். மாடியில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் தெரியும். கிணற்றிலோ, மழைநீர் மண்ணில் இறங்க உறைகள் இறக்கிய உறைக்கிணற்றிலோ வந்தால் சரி. பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் வந்தால் அது இரட்டைக் குற்றம். நல்ல மழைநீர் வீணாவதோடு, சாக்கடைக் குழாய் தாங்காமல் தாழ்வான தெருவில் உள்ளவர் வீட்டுக் கழிவறை வழியாகக் கழிவுநீர் திரும்பி மேலே வரும். மழை நாளில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு வழிவதற்கு இந்தத் தவறான இணைப்புகள் ஒரு பெரிய காரணம். அடுத்து வடிகட்டித் தொட்டி. அதில் போட்ட கூழாங்கல்லும் மணலும் ஓராண்டில் இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வெளியே எடுத்து அலசி மீண்டும் போட ஓர் ஆளுக்கு அரை நாள் வேலை. பெரும்பாலான அமைப்புகள் செத்துப்போவது இந்த அரை நாள் வேலை நடக்காததால்தான். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மாடியில் ஆண்டுக்கு மூன்று லட்சம் லிட்டர் விழுகிறது. ஆவியாவதும் சிதறுவதும் போக இரண்டரை லட்சம் லிட்டரைக் கிணற்றில் விடலாம். 9,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய 28 நடை.

மூன்றாவது, கேட். தரையில் விழும் நீர் தெருவுக்குப் போகும் கடைசி வாசல் அதுதான். கேட்டின் அகலம் முழுக்க, உட்புறமாக இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் தோண்டி, மேலே கார் ஏறினாலும் தாங்கும் இரும்புக் கிரில் போட்டு, அதிலிருந்து குழாய் வழியாக ஓர் உறைக்கிணற்றுக்கு விட வேண்டும். மூன்றடி விட்டமுள்ள உறைகள், மணற்பாங்கான இடத்தில் பத்து முதல் பதினைந்தடி ஆழம். வாய்க்காலுக்கும் உறைக்கிணற்றுக்கும் நடுவில் வண்டல் தங்க ஒரு சின்னத் தொட்டி கட்டாயம். கார் நிற்கும் தரையில் ஆயில் சொட்டும். அதனால் தரை நீரை நேராகக் குடிநீர்க் கிணற்றிலோ போர்வெல்லிலோ ஒருபோதும் விடக் கூடாது. மாடி நீர் கிணற்றுக்கு, தரை நீர் உறைக்கிணற்றுக்கு. இந்தப் பாகுபாட்டை ஆய்வுப் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள்.

மண் எல்லா இடத்திலும் ஒன்றில்லை என்பதையும் படிவம் தெரிந்திருக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோர மணல். ஒரு மீட்டர் நீள அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழியில் செங்கல் ஜல்லி நிரப்பினாலே நீர் இறங்கிவிடும். அங்கே இறங்கும் நன்னீர்தான் கடலின் உப்புநீரை உள்ளே வரவிடாமல் எதிர்த்துத் தள்ளுகிறது. இறைப்பு கூடி நன்னீர் குறைந்தால் கிணறு உப்பாகும். மீஞ்சூர் பக்கம் பல ஆண்டுகளாக நடந்திருப்பது அதுதான். அண்ணா நகர், விருகம்பாக்கம், பெரம்பூர், மேற்கு மாம்பலம் பக்கமெல்லாம் களிமண். அங்கே அதே குழியைத் தோண்டினால் நீர் இறங்காமல் நின்று கொசு வளர்க்கும். உறைக்கிணற்றின் அடியிலிருந்து ஆறு அங்குல போர் போட்டுக் களிமண் அடுக்கைத் துளைத்து, கீழுள்ள மணலைத் தொட வேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை மேலேயே இருக்கிறது. அங்கே பாறை வெடிப்பைத் தொடும் போர்தான் வழி, இல்லையெனில் தொட்டியில் பிடித்து வைப்பதே மேல். எந்த மண்ணானாலும் ஒரு சோதனை போதும். குழியை நிரப்பி மூடிவைத்து இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். தண்ணீர் இருந்தால் அமைப்பு சரியில்லை.

வண்டியை உள்ளே விடுபவர்களுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். முழுத் தரையையும் கான்கிரீட் போடத் தேவையே இல்லை. டயர் ஏறும் இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்தில் இரண்டு கான்கிரீட் பட்டைகள் போதும். 12.5 சதுர மீட்டரில் பாதிக்கு மேல் மண்ணாகவே இருக்கும். பேவர் பிளாக் போட்டால் நீர் இறங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அடியில் சிமெண்ட் படுகை போட்டு அதன் மேல் பதித்தால் அது கான்கிரீட் தரைதான். ஓட்டையுள்ள புல் பிளாக்கை, அடியில் ஓரடி வரை 40 மில்லிமீட்டர் ஜல்லியும் மேலே கழுவிய சிறு ஜல்லியும் பரப்பிப் பதித்தால்தான் நீர் இறங்கும். கழுவாத எம்சாண்ட் வேண்டாம். அதில் உள்ள மாவுத்தூள் ஓரிரு மழையிலேயே ஓட்டைகளை அடைத்துவிடும். அடித்தளத்தில் பார்க்கிங் கட்டியிருக்கும் பெரிய கட்டடங்கள் இன்னொரு பக்கம். தரைக்குக் கீழே இருப்பதால் கசியும் நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைத்து வடிகாலில் விடுகிறார்கள், மழைக்காலத்தில் இரவும் பகலும். அந்த நீரைக் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்தவோ மீண்டும் மண்ணில் இறக்கவோ சொல்லாமல் புது அடித்தளங்களுக்கு அனுமதி கொடுப்பது பார்க்கிங்கைக் கொடுத்து நிலத்தடி நீரை எடுத்துக்கொள்வதாகும்.

தெருவிலும் செய்ய வேண்டியது உண்டு. பார்க்கிங் கோடு போடும் நாளில் குடிநீர் வாரியத்தின் வால்வு வரைபடத்தோடு ஒருவர் உடன் வர வேண்டும். வால்வு, மேன்ஹோல், மழைநீர் வடிகால் வாய், தெருமுனையில் வைத்திருக்கும் பொதுத் தொட்டி ஒவ்வொன்றையும் சுற்றி 3 மீட்டருக்கு மஞ்சள் கட்டம். மழை வலுத்த இரவில் வடிகால் வாயைத் திறக்க வரும் ஊழியர் அதன் மேல் நிற்கும் காரின் சொந்தக்காரரைத் தேடி அலைய முடியாது. அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டிக்கும் உறிஞ்சும் லாரிக்கும் மேன்ஹோலின் அருகே நிற்க வழி இருந்தால்தான் மனிதரை உள்ளே இறக்கும் கொடுமைக்குச் சாக்கு இல்லாமல் போகும். குடம் வைத்து வரிசையில் நிற்பவர்களின் பொதுத் தொட்டி முன்னால் கார் நிற்பதை எந்த பர்மிட்டும் நியாயப்படுத்தக் கூடாது.

இரு பக்க நிறுத்தம் ஒரு பக்கமாகும் தெருவில் விடுபடும் பட்டையைத் தாரால் மூடாதீர்கள். அங்கேதான் தெருவுக்கான உறைக்கிணறுகள் வர வேண்டும், வடிகால் வாய்க்கு முன்னால், வண்டல் தொட்டியோடு. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அந்த மழைநீர் வடிகாலில் நீர் ஓடுகிறதா? ஓடினால் அது மழைநீர் கிடையாது, யாரோ திருட்டுத்தனமாக இணைத்த கழிவுநீர். அந்த இணைப்பைத் துண்டிக்கும் வரை அங்கே உறைக்கிணறு தோண்டினால் கழிவை நாமே நிலத்தடியில் ஏற்றியதாகிவிடும். ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. தெரு உயர்ந்தால் கேட் வாய்க்கால்கள் எல்லாம் எதிர்த்திசையில் தெரு நீரை வீட்டுக்குள் கொண்டுவரும்.

ஆய்வில் தவறினால் என்ன செய்வது? வாடகைக்காரரின் பர்மிட்டை நிறுத்த வேண்டாம். குழாயை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. கட்டட உரிமையாளருக்கு நோட்டீஸ், 30 நாள் அவகாசம், அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் உரிமையாளர்களுக்கான பர்மிட் மட்டும் ரத்து. மூடிய கிணற்றைத் திறந்து மழைநீரை விட்டவர்களுக்கு முதலாண்டுக் கட்டணமே வேண்டாம். வசூலாகும் பணம் பொதுக் கணக்கில் கலந்துவிடாமல் அதே வார்டின் உறைக்கிணறு, வடிகால் தூர்வாருதல், வால்வு பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்குப் போகட்டும், வரவு செலவைப் பகுதி சபையில் படிக்கட்டும். தெருவில் குழாய் போட்டுக் கார் கழுவுவதற்கு பர்மிட் விதியிலேயே தடை வேண்டும். குழாயில் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் போகும், கால் மணி நேரத்தில் 200 லிட்டர். துணியும் இரண்டு வாளியும் இருந்தால் 30 லிட்டரில் முடிகிற வேலை.

200 வார்டுகளிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. மூன்று தெருக்கள் போதும். திருவான்மியூரில் மணல் தெரு ஒன்று, விருகம்பாக்கத்தில் களிமண் தெரு ஒன்று, ஆதம்பாக்கத்தில் பாறைத் தெரு ஒன்று. ஒவ்வொன்றிலும் நான்கு கிணறுகளைத் தேர்ந்து, மாதம் முதல் தேதி காலையில் மோட்டார் போடுவதற்கு முன் நீர்மட்டத்தையும் உப்பளவையும் குறித்து வைக்க வேண்டும். பக்கத்திலேயே பர்மிட் இல்லாத, அதே மாதிரி மண்ணுள்ள ஒரு தெருவிலும் அப்படியே குறிக்க வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால், நல்ல மழையால் ஏறிய மட்டத்தைத் திட்டத்தின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள நேரும். இரவு 2 மணி வண்டிக் கணக்கும், லாரி உள்ளே வர முடியாமல் திரும்பிய தடவைகளின் கணக்கும் அதே நோட்டில் இருக்கட்டும். இரண்டு பருவமழை பார்த்த பிறகு அந்த நோட்டை மாமன்றத்தில் வையுங்கள், மற்ற வார்டுகளைப் பற்றி அப்போது பேசலாம்.

முதல் கிணற்று அளவை இந்த செப்டம்பர் முதல் தேதியிலிருந்தே எடுக்க முடியும். ஒரு டேப்பும், உப்பளவு பார்க்கும் சின்ன மீட்டரும், கிணற்றுக்காரரின் சம்மதமும் மட்டும்தான் அதற்குத் தேவை. அளக்க ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தெருவையும் கிணற்றையும் அளந்து பழகிய சென்னைக்காரர்கள்